சுமோ மல்யுத்தம் பாக்க காலையிலயே போகணுமா?

ரயில்பூச்சி: டோக்கியோவுல சுமோ நடக்கற ரியோகோகு கொகுகிகான் அரங்கத்துக்கு போறவங்க மூணு மணிக்கு மேல போனா போதும், காலையில நடக்கறது சின்னப் பசங்க பயிற்சின்னு ஒருத்தர் இங்க எழுதியிருக்கார், படிச்சதுமே எரிச்சலா வருது. பயிற்சி இல்லங்க, போட்டி. அந்தக் கீழ் ரேங்க் பசங்களுக்கு மாச சம்பளம் கிடையாது, 15 நாள் போட்டியில 7 தடவைதான் மேடை ஏறுவாங்க, நாலு தோத்தா ரேங்க் இறங்கிடும். இதுவா பயிற்சி?

டோக்கியோபாபு: எழுதினது நான்தான், பேர் சொல்லியே திட்டலாம். 11,000 பேர் உக்கார்ற அரங்கம் காலையில முக்கால்வாசி காலி. மேல் வரிசை ஆளுங்க 42 பேரும் வர்றது மூணரைக்கு மேல, ஆறு மணிக்கு முடிஞ்சிடும். மேடைய புனிதமாக்க வீசற உப்புகூட காலையில வீசமாட்டாங்க சார்.

ரயில்பூச்சி: உப்பு பாக்கவா டிக்கெட் எடுக்கறீங்க? பெரிய ஆளுங்க நாலு நிமிஷம் உப்பு வீசி, முறைச்சு, குந்தி, எந்திரிச்சு, மறுபடி உப்பு. கீழ் வரிசையில வந்ததும் மோதல்தான், நடுவரே வெறுங்கால்ல நிப்பார், கூட்டம் இல்லாததால ஒடம்பும் ஒடம்பும் மோதற சத்தம் மாடி வரைக்கும் கேக்கும். பயிற்சியாம்!

மல்லிகா: நேரத்த விடுங்க, கீழ பெட்டி சீட்ல நாலு பேர் சம்மணம் போட்டு உக்காந்து எங்க வீட்டுக்காரருக்கு முட்டியே போச்சு. மாடில நாற்காலி எடுங்க.

டோக்கியோபாபு: அதுல காலையிலேருந்து உக்காரச் சொல்றார் பூச்சி, நல்லா கேளுங்க.

ரயில்பூச்சி: பேச்ச மாத்தாதீங்க. பயிற்சியா போட்டியா? கபடி இழையிலயும் இப்படித்தான் நழுவினீங்க.

சுடலை: பொம்பளைங்க ஏறக்கூடாதுங்கற மேடைக்கு இவ்ளோ சண்டையா? 2018ல ஜப்பான்ல மாய்சுருங்கற ஊரோட மேயர் மேடையிலயே மயங்கி விழுந்தப்ப முதலுதவி பண்ண ஓடிவந்த பொம்பளைங்கள இறங்கச் சொல்லி மைக்ல அறிவிச்சாங்க.

மல்லிகா: 2000ல ஒசாகா ஆளுநர் ஃபுசாயே ஓட்டாவயும் பரிசு குடுக்க ஏற விடல, தெரியும். தெரிஞ்சுதான் போனேன், பிடிச்சுது. போகக்கூடாதுன்னு சொல்ல நீங்க யாரு?

டோக்கியோபாபு: 2018ல நடந்ததுக்கு சுமோ சங்கத் தலைவர் மன்னிப்பு கேட்டாச்சே.

சுடலை: விதிய மாத்தினாங்களா?

ரயில்பூச்சி: அதுக்கு தனி இழை போடுங்க, நானும் வர்றேன். பாபு இன்னும் பதில் சொல்லல. 45 தடவை கோப்பை ஜெயிச்ச ஹகுஹோவும் அந்த மாதிரி காலி அரங்கத்துலதான் ஆரம்பிச்சார், அப்ப அவர் பண்ணதும் பயிற்சியா?

டோக்கியோபாபு: ஹகுஹோவ இழுக்காதீங்க. ஒரு நாள் லீவுல வர்றவங்களுக்கு மூணு மணிதான், இனிமேயும் அதையேதான் சொல்வேன்.

ரயில்பூச்சி: சொல்லுங்க. பயிற்சின்னு எழுதினா மறுபடி வருவேன்.