கப்பலில் கடைசி சீட் முன்னால் இருக்கும்

தருமபுரி, ஓய்வுபெற்ற பஸ் டிரைவர்:

முப்பது வருடம் தொப்பூர் கணவாயில் பஸ் ஏற்றி இறக்கியவன் நான். வாந்தி வருகிறது என்று சொல்லும் பயணியை டயருக்கு மேலேயோ கடைசி சீட்டிலோ உட்கார விட்டதே இல்லை. யாரையாவது எழுப்பியாவது நடுவில் இடம் பிடித்துக் கொடுப்பேன். கப்பலுக்கு டிக்கெட் எடுக்கும்போது அந்தப் புத்தி எங்கே போனதோ தெரியவில்லை.

2023 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து இலங்கைக்குச் சொகுசுக் கப்பல் விட ஆரம்பித்தார்கள். அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று மூன்று இடம். அந்த வருடமே நானும் வீட்டுக்காரியும் மச்சான் குடும்பமும் கிளம்பிவிட்டோம். டிக்கெட் போட்டுக் கொடுத்தவர் இரண்டு கேபின் காட்டினார். ஒன்று மேல் டெக்கில், அதாவது மேல் தளத்தில், கப்பலின் மூக்குப் பக்கம், ஜன்னலோடு. இன்னொன்று கீழ் டெக்கில், நட்டநடுவில், ஜன்னலே இல்லாமல். மூத்தவன் என்ற உரிமையில் ஜன்னலை நான் எடுத்துக்கொண்டேன். "நீ பொட்டிக்குள்ள படுத்துக்க மச்சான்" என்று கிண்டல் வேறு.

முதல் ராத்திரி சாப்பிட்டுவிட்டு வந்து படுத்தோம். கட்டில் மெதுவாக மேலே போகும், ஒரு நொடி நிற்கும், அப்புறம் வயிற்றை மேலேயே விட்டுவிட்டு உடம்பு மட்டும் கீழே இறங்கும். வீட்டுக்காரி சுவரைப் பிடித்துக்கொண்டு, "ஒகேனக்கல்ல பரிசலைச் சுத்தி விட்டாக்கூட அஞ்சு நிமிசத்துல நிறுத்திருவாங்களே" என்றாள். நடுராத்திரி மச்சான் கேபினுக்குப் போய்க் கதவைத் தட்டினேன். தூக்கத்தில் இருந்து எழுந்து வந்தான். அவன் மேசையில் தண்ணீர் டம்ளர் பாட்டுக்கு நின்றுகொண்டிருந்தது.

மறுநாள் ஒரு கப்பல் ஊழியர் விளக்கினார். பக்கவாட்டில் ஆடுவதைக் குறைக்கக் கப்பலின் இரண்டு பக்கமும் தண்ணீருக்கடியில் மீன் துடுப்பு மாதிரி ஸ்டெபிலைசர் இருக்கிறதாம். ஆனால் மூக்கு தூக்கி இறங்கும் ஆட்டத்துக்கு அதனால் பிரயோசனம் இல்லை. சீசா பலகை மாதிரிதான்: ஓரம் குதிக்கும், நடு அசையாது. உயரம் கூடக் கூட ஆட்டமும் கூடும். ஆக, கடைசி சீட்டில் ஏறி உட்கார்ந்தது நான், நடு சீட்டில் தூங்கியது மச்சான்.

வாந்தி மாத்திரையை வாந்தி வந்த பிறகு போட்டு ஒன்றுமில்லை, அது வயிற்றில் தங்காது. டாக்டரிடம் கேட்டுக்கொண்டு கப்பல் நகரும் முன்பே போட்டுக்கொள்ளுங்கள். மீதி ராத்திரிகளை நாங்கள் சுக்கையும் எலுமிச்சம்பழத்தையும் வைத்து ஓட்டினோம்.

கரைக்கு வருகிறேன். கப்பலிலேயே பஸ் வைத்துக் கூட்டிப்போகும் சுற்றுலா உண்டு, விலை அதிகம். அம்பாந்தோட்டையில் நாங்கள் நான்கு பேரும் தனியாக வேன் பிடித்துக் கதிர்காமம் போனோம். சந்நிதியில் திரைதான் தொங்குகிறது, பூசை அதன் பின்னால் நடக்கிறது. வாயைத் துணியால் கட்டிக்கொண்டு பூசை செய்கிறார்கள். வீட்டுக்காரிக்கு அது பெரிய ஏமாற்றம், முருகன் முகத்தைப் பார்க்கத்தானே அவ்வளவு தூரம் வந்தாள்.

திருகோணமலைதான் எங்கள் ஊர் மாதிரி இருந்தது. அங்கே எதற்குக் கப்பல் பஸ்? ஆட்டோக்காரர் தமிழ் பேசுகிறார், விலையும் தமிழிலேயே பேசிக் குறைக்கலாம். கோட்டை வாசலுக்குள் நுழைந்துதான் கோணேஸ்வரம் போக வேண்டும், வழியெல்லாம் புள்ளிமான்கள் ஆட்டுக்குட்டி மாதிரி திரிகின்றன. சம்பந்தர் பாடிய தலம். பழைய கோயிலை 1620களில் போர்த்துக்கீசியர் இடித்துக் கடலில் தள்ளினார்கள், இப்போதிருப்பது பிறகு கட்டியது. பாறை விளிம்பில் நின்று கீழே பார்த்தால் கடல் கிடுகிடு பள்ளத்தில் கிடக்கிறது. அங்கே பாறை பிளந்த இடத்தை இராவணன் வெட்டு என்கிறார்கள். கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. தீர்த்தமலையில் ஒவ்வொரு தீர்த்தமாக நின்று குளிப்போமே, அதே மாதிரி ஏழிலும் வாளி வாளியாக ஊற்றிக்கொண்டோம்.

ஓசூர், ஐடி வேலை, கைக்குழந்தையின் அம்மா:

அண்ணா, ஜன்னல் இல்லாத கேபினுக்கு நானும் ஓட்டுப் போடுகிறேன். நாங்கள் சிங்கப்பூரில் ஏறி பினாங்கு, புக்கெட் போய் வந்தோம். விளக்கை அணைத்தால் கும்மிருட்டு. வீட்டில் ஐந்து மணிக்கு எழும் பையன் அங்கே ஒன்பது வரை தூங்கினான். ஆனால் விடிந்ததா இல்லையா என்று நமக்கும் தெரியாது. டிவியில் கப்பலின் முன்பக்கக் கேமரா ஓடும் சேனல் ஒன்று இருந்தது. சத்தத்தை நிறுத்திவிட்டு அதை ராத்திரி முழுக்க ஓட விட்டோம், அதுதான் எங்கள் ஜன்னல்.

கேபின் சுவர் இரும்பு. காந்தக் கொக்கி நாலு வாங்கிப் போங்கள், குழந்தைத் துணி காயப்போடப் பெரிய உதவி. டாய்லெட் காற்றில் உறிஞ்சும் வகை, பட்டனை அழுத்தினால் வெடி வெடித்த மாதிரி சத்தம். பையன் முதல் நாள் அழுதே விட்டான். இன்னொன்று, நீச்சல் குளம் இருக்கும் டெக்குக்கு நேர் கீழே கேபின் எடுக்காதீர்கள். விடியற்காலையிலேயே மேலே நாற்காலி இழுக்க ஆரம்பிப்பார்கள். டெக் வரைபடத்தைப் பார்த்து, மேலேயும் கீழேயும் கேபினாகவே இருக்கும் இடமாக எடுக்க வேண்டும் என்று இறங்கிய பிறகுதான் புத்தி வந்தது.

பினாங்கில் கப்பல் ஜார்ஜ் டவுனிலேயே ஒட்டி நிற்கிறது. இறங்கி நடந்தால் லிட்டில் இந்தியா, குயின் தெரு மாரியம்மன் கோயில் எல்லாம் வந்துவிடும். 1833இல் உருவான கோயில். பணம் கட்டிச் சுற்றுலா போக அங்கே அவசியமே இல்லை.

புக்கெட்டில்தான் மாட்டினோம். படாங் கடற்கரைக்கு எதிரே கப்பல் தள்ளி நிற்கும், சின்னப் படகில்தான் கரைக்குப் போக வேண்டும். தாய்லாந்து மணி சிங்கப்பூருக்கு ஒரு மணி நேரம் பின்னால். எங்கள் கப்பல் சிங்கப்பூர் மணியிலேயே ஓடியது. கரையில் போன் தானாகத் தாய்லாந்து மணிக்கு மாறிவிட்டது. கடைசிப் படகுக்கு இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது என்று இளநீர் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பக்கத்தில் ஒரு சீனப் பாட்டி தன் கைக்கடிகாரத்தைக் காட்டி என் வீட்டுக்காரரை உலுக்கினார். குழந்தையைத் தூக்கிக்கொண்டு மணலில் ஓடிய ஓட்டம் இருக்கிறதே! கப்பல் ஏற்பாட்டில் போயிருந்தால் பஸ் தாமதமானாலும் காத்திருப்பார்கள். தனியாகப் போனவருக்காகக் காத்திருக்க மாட்டார்கள்.

தருமபுரி, டிரைவர் மறுபடி:

இது எனக்குத் தோன்றவே இல்லை தங்கச்சி. இலங்கைக்கும் நமக்கும் ஒரே மணி, அதனால் தப்பித்தோம்.

கிருஷ்ணகிரி, மாங்கூழ் ஆலையில் இருந்து ஓய்வு:

நீங்கள் இரண்டு பேரும் ஜன்னலை ரொம்பவே மட்டம் தட்டுகிறீர்கள். நாங்கள் சியாட்டிலில் இருக்கும் பையனோடு அலாஸ்கா போனோம். பையன் பால்கனி கேபின் போட்டிருந்தான். அவ்வளவு காசா என்று திட்டினேன், கிளேசியர் பே என்ற பனிப்பாறை விரிகுடா உள்ளே நுழைந்ததும் வாயை மூடிக்கொண்டேன். போர்வையைச் சுற்றிக்கொண்டு பால்கனியில் நானும் அவன் அம்மாவும். பனிப்பாறைச் சுவரிலிருந்து ஒரு பாளம் உடைந்து விழுந்தது. விழுவது முதலில் தெரிகிறது, அப்புறம்தான் இடிச் சத்தம் வந்து சேருகிறது. கப்பலை அங்கேயே மெதுவாகத் திருப்பி இரண்டு பக்கத்துக்கும் காட்டினார்கள், அதனால் எந்தப் பக்கம் எடுப்பது என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். வெறும் கடல் என்றால் பால்கனி தண்டம்தான், ஒத்துக்கொள்கிறேன். பார்க்க வேண்டியதே கப்பலில் இருந்துதான் என்றால் கணக்கு வேறு.

ஸ்காக்வேயில் மலை ரயில் ஏறினோம், 1898இல் தொடங்கி 1900இல் முடித்த பாதை, தண்டவாள அகலம் மூன்றே அடி. தங்கம் தேடி வந்தவர்களுக்காகப் போட்டது. ஜூனோ மாநிலத் தலைநகரம், ஆனால் வெளியூரிலிருந்து அதற்கு ரோடே கிடையாது. கப்பலில் வர வேண்டும், இல்லை விமானத்தில். நம்ம டிரைவர் அண்ணனுக்கு அங்கே வேலை இல்லை.

பென்னாகரம்:

அம்மாவுக்கு வயது எழுபது, முட்டி வலி. இலங்கைக் கப்பலில் கூட்டிப்போகலாமா?

தருமபுரி, டிரைவர்:

கூட்டிப்போங்கள். கேபின் நடுவில், லிஃப்ட்டுக்குப் பக்கமாகக் கேளுங்கள், தாழ்வாரம் நம்ம பஸ் ஸ்டாண்டைவிட நீளம். குளியலறை வாசலில் ஒரு படி உயரத்துக்குத் தடுப்பு இருக்கும், ராத்திரி விளக்கைப் போட்டுவிட்டே போகச் சொல்லுங்கள். கப்பல் கரையோடு ஒட்டி நிற்குமா, படகில் இறங்க வேண்டுமா என்பதை ஒவ்வொரு ஊருக்கும் தனித்தனியாக விசாரியுங்கள். படகும் கப்பலும் வேறு வேறு தாளத்தில் ஆடும், நடுவில் கால் வைப்பது முட்டிக்கு ஆகாது. காங்கேசன்துறையில் நேரம் குறைவென்றால் நல்லூர் முருகன் கோயிலுக்கு ஓட வேண்டாம், கீரிமலை பக்கத்திலேயே இருக்கிறது. கடலை ஒட்டியே நல்ல தண்ணீர் ஊற்று. அம்மா படியில் உட்கார்ந்து காலை நனைத்துக்கொண்டிருக்கலாம்.

பென்னாகரம்:

அம்மாவுக்குச் சம்மதம். ராகி மாவு கொண்டுவந்தால் கேபினில் களி கிளறலாமா என்று கேட்கச் சொல்கிறார்.

தருமபுரி, டிரைவர்:

வாய்ப்பே இல்லை. என் வீட்டுக்காரி பெட்டிக்கடியில் வைத்திருந்த மின்சாரக் கெட்டிலையே ஸ்கேனிங்கில் பார்த்து எடுத்து வைத்துக்கொண்டார்கள், சென்னையில் இறங்கும்போதுதான் கையில் வந்தது. ஊறுகாயும் நிலக்கடலை உருண்டையும் கொண்டுபோகச் சொல்லுங்கள்.