நேத்து ராத்திரி குடும்ப குரூப்ல ஓடுன பேச்சு: மதமும் அரசாங்கமும்

பெரியப்பா: ஒரு ஃபார்வர்டு வந்துச்சு, மதத்தையும் அரசாங்கத்தையும் முழுசா பிரிச்ச நாடுதான் உருப்படும்னு. எனக்கு இதுல உடன்பாடே இல்ல. இங்கிலாந்துல ராஜாதான் சர்ச்சுக்கே தலைவர், பார்லிமென்ட் மேல்சபையில 26 பிஷப் உக்காந்திருக்காங்க, டென்மார்க்ல 1849ல இருந்து அரசியல் சட்டத்துலயே லூத்தரன்ங்கற புராட்டஸ்டன்ட் சர்ச்ச அரசு ஆதரிக்கணும்னு எழுதி வச்சிருக்கு, அந்த நாடெல்லாம் கெட்டா போச்சு

பெரியப்பா: அரசாங்கம் ஒரு மதத்த மதிச்சு கூட நின்னா அந்த மதத்துக்கும் பலம், ஜனங்களுக்கும் ஒழுக்கம். இது என் கருத்து

மீனு: பெரியப்பா கெட்டுப்போகலதான், ஆனா அதனாலதான் நல்லா இருக்குன்னு எப்படி சொல்றீங்க

கார்த்தி அண்ணா: அப்பா நான் இருக்கற ஜெர்மனி கதைய சொல்றேன். இங்க வந்து அட்ரஸ் பதிவு பண்ணப்ப ஃபார்ம்ல மதம்னு ஒரு கட்டம் இருந்துச்சு, சும்மா கேக்கறாங்கன்னு நெனச்சேன். பக்கத்து சீட்டுக்காரர் சொல்லித்தான் தெரியும், கத்தோலிக்க இல்ல புராட்டஸ்டன்ட் சர்ச் மெம்பர்னா வருமான வரிக்கு மேல அந்த வரியில 8 இல்ல 9 சதவீதம் சர்ச் வரின்னு சம்பளத்துலயே புடிச்சுடுவாங்க, வசூல் பண்றது அரசாங்க வரி ஆபீஸ், போய் சேர்றது சர்ச்சுக்கு

அத்தை: காணிக்கைய கவர்மென்ட் வசூல் பண்ணுதா?

கார்த்தி அண்ணா: ஆமா அத்தை. வேணாம்னா நீங்க சர்ச் பாதிரியார்கிட்ட போய் சொல்ல முடியாது, கோர்ட்டுக்கோ பதிவு ஆபீசுக்கோ போய் நான் வெளியேறுறேன்னு எழுதி குடுக்கணும். கத்தோலிக்க பிஷப்புங்க 2012ல ஒரு உத்தரவு போட்டாங்க, அப்படி எழுதி குடுத்தவங்களுக்கு பூசையில குடுக்கற நற்கருணை அப்பம் கிடையாது, பாதிரியார்கிட்ட பாவத்த சொல்லி மன்னிப்பு கேக்கற பாவசங்கீர்த்தனமும் கிடையாதுன்னு

அத்தை: வரி கட்டலன்னா சாமி கிட்ட போக முடியாதுன்னு ஆகுதே கண்ணா. எனக்கு கேக்கவே கஷ்டமா இருக்கு

பெரியப்பா: அது ஒரு நாட்டோட ஏற்பாடும்மா. அந்த பணத்துல பள்ளிக்கூடம் ஆஸ்பத்திரியும் நடத்தறாங்கல்ல

கார்த்தி அண்ணா: கொஞ்சம் போகுதுப்பா, ஆனா அதுக்கு பெரும்பங்கு வேற அரசாங்க பணம், இன்சூரன்ஸ் பணம்தான்

மீனு: பெரியப்பா நீங்க சொன்ன இங்கிலாந்துக்கே வர்றேன், இது நான் கிளாஸ்ல கேட்டப்ப எனக்கு தூக்கிவாரிப் போட்டுச்சு. அங்க பாதிரியார்களுக்கு அரசாங்க சம்பளம் கூட கிடையாது, ஆனா 1927ல அந்த சர்ச் தன்னோட ஜெப புத்தகத்த திருத்தி எழுதுச்சு, சர்ச்சோட சபை ஒத்துக்கிச்சு, மேல்சபையும் ஒத்துக்கிச்சு, கீழ்சபை முடியாதுன்னுடுச்சு. மாத்தி எழுதி 1928ல திரும்ப கொண்டு வந்தாங்க, திரும்பவும் தோத்துச்சு. ஓட்டு போட்டவங்கள்ல அந்த சர்ச்ச சேராத எம்பிங்களும் இருந்தாங்க

அத்தை: எப்படி கும்பிடணும்னு எம்பி ஓட்டு போட்டு சொல்றானா

மீனு: சொன்னாங்க அத்தை

அத்தை: அண்ணா நான் ஒண்ணு சொல்லட்டா தப்பா எடுத்துக்காதீங்க. நான் தெனமும் விளக்கேத்தி கும்பிடறவ, எனக்கு மதம் விளையாட்டு இல்ல. அதனாலதான் சொல்றேன், கவர்மென்ட் உள்ள வந்தா அது சும்மா கும்பிட்டுட்டு போகாது, சாவிய கேக்கும்

பெரியப்பா: நீயா இப்படி பேசற. நாத்திகம் பேசறவங்கதான் இத சொல்லுவாங்க

நான்: பெரியப்பா, துருக்கிய பாருங்க, அத்தை சொல்றது சரியா தெரியும். 1924ல முஸ்லிம்களோட தலைவர்ங்கற கலீஃபா பதவிய ஒழிச்ச அதே நாள்ல மத விவகாரத்துக்கு ஒரு அரசு இயக்குநரகம் ஆரம்பிச்சாங்க, மதச்சார்பற்ற நாடுன்னு பேரு ஆனா இமாம்கள் அரசு ஊழியர், மசூதி அந்த ஆபீசுக்கு கீழ. 1932ல தொழுகைக்கு கூப்பிடற பாங்க அரபில சொல்லக்கூடாது துருக்கி மொழியிலதான் சொல்லணும்னு மாத்துனாங்க, பின்னாடி மீறுனா ஜெயில்னு சட்டமே வந்துச்சு, 1950ல ஆட்சி மாறுன பிறகுதான் தடை போச்சு. 18 வருஷம் தொழுகைக்கு எந்த மொழியில கூப்பிடணும்னு கவர்மென்ட் சொல்லிட்டு இருந்துச்சு

பெரியப்பா: அது மதத்த பிடிக்காத ஆளுங்க செஞ்சது. மதத்த நம்பறவங்க கையில ஆட்சி இருந்தா அப்படி ஆகாது

மீனு: ஈரான்ல அவங்க கையிலதானே இருக்கு? ஆயத்துல்லா மொன்தஸெரின்னு ஒருத்தர், பெரிய மார்க்க அறிஞர், உச்ச தலைவருக்கு அடுத்த வாரிசுன்னே அறிவிச்சிருந்தாங்க. 1988ல கைதிகள கூட்டம் கூட்டமா கொன்னத எதிர்த்து கேட்டார், அடுத்த வருஷமே வாரிசு பதவி போச்சு, 1997ல இருந்து 2003 வரைக்கும் வீட்டு காவல். மதகுருக்கள விசாரிக்கறதுக்குன்னே அங்க தனி கோர்ட் இருக்கு பெரியப்பா. மதம் ஆட்சிக்கு வந்தா முதல்ல வாய மூட சொல்றது அந்த மதத்துல இருக்கற நேர்மையான ஆளையே

பெரியப்பா: ம்

கார்த்தி அண்ணா: அதுக்காக மதமே வேணாம்னு அரசாங்கம் சொல்றதும் கொடுமைதான். அல்பேனியாவுல 1967ல எல்லா மசூதியும் சர்ச்சும் மூடிட்டாங்க, மதகுருக்கள ஜெயில்ல போட்டாங்க, கொன்னாங்க, 1990 வரைக்கும் தடை

பெரியப்பா: ஃப்ரான்ஸ்தானே எல்லாரும் உதாரணம் காட்டுவாங்க, 1905ல பிரிச்சாச்சுன்னு. அங்கயும் அரசு பள்ளிக்கூடத்துல பொண்ணுங்க முக்காடு போடக்கூடாதுன்னு 2004ல சட்டம் போட்டாங்களே, அது மட்டும் தலையிடறது இல்லையா

மீனு: இதுல நான் உங்க பக்கம் பெரியப்பா. டீச்சர் அரசாங்கத்தோட ஆளு, அவங்க மத அடையாளம் போடாம இருக்கணும்னா புரியுது, படிக்க வர்ற பிள்ளை அரசாங்கம் இல்லையே. அப்புறம் ஃப்ரான்சும் முழுசா பிரிச்ச நாடு இல்ல. 2019ல எரிஞ்சுதே பாரிஸ்ல நோத்ர் தாம் சர்ச், அந்த கட்டடம் அரசாங்க சொத்து, சர்ச்சுக்கு உபயோகிக்கற உரிமை மட்டும்தான். ஃப்ரான்சோட கிழக்குல அல்சாஸ் பக்கம் 1905ல ஜெர்மனி கையில இருந்ததால அந்த பிரிக்கற சட்டம் அங்க போகவே இல்ல, இன்னைக்கும் பாதிரியாருக்கும் யூத ரபிக்கும் அரசாங்கம் சம்பளம் குடுக்குது

கார்த்தி அண்ணா: இந்தியாவும் கலவைதான். அரசியல் சட்டத்துல 27வது பிரிவு ஒரு மதத்த வளர்க்கறதுக்குன்னு யாரையும் வரி கட்ட சொல்லக்கூடாதுங்குது, 290ஏ பிரிவு பழைய திருவிதாங்கூர் கோயில்களுக்காக கேரளாவும் தமிழ்நாடும் வருஷா வருஷம் தேவஸ்வம் நிதிக்கு பணம் குடுக்கணும்னு சொல்லுது, ரெண்டும் ஒரே புத்தகத்துல

நான்: எனக்கு இதெல்லாத்தையும் விட லெபனான்தான் மனசுல நிக்குது. ஜனாதிபதி மரோனைட் கிறிஸ்தவர், பிரதமர் சுன்னி, சபாநாயகர் ஷியான்னு 1943ல வாய்வார்த்தையா ஒரு ஒப்பந்தம், இன்னும் அதான் ஓடுது. கல்யாணம் பண்ணணும்னா அங்கீகரிச்ச 18 மதப் பிரிவுல ஏதோ ஒண்ணு வழியாத்தான், மதம் இல்லாத பதிவு திருமணத்துக்கு நாட்டுக்குள்ள சட்டம் கிடையாது. ரெண்டு பேரும் மதம் மாறாம கட்டிக்கணும்னா கடல் தாண்டி சைப்ரஸ் போய் பண்ணிட்டு வர்றாங்க, அத லெபனான் ஏத்துக்குது. தன் சொந்த நாட்டுல ஒரு மனுஷன் வெறும் மனுஷனா கல்யாணத்த ரிஜிஸ்டர் பண்ண வழி இல்ல

அத்தை: பாவம் பிள்ளைங்க

பெரியப்பா: சரி, சக்திவாய்ந்த நாடுன்னு சொல்ற அமெரிக்காவுல மதத்தையும் அரசையும் பிரிச்சாங்களே, அது மதம் பிடிக்காதவங்க செஞ்சதுதானே

மீனு: இல்லவே இல்ல பெரியப்பா! பக்தியுள்ளவங்கதான் ரொம்ப கேட்டாங்க. கனெக்டிகட் மாகாணத்துல டான்பரி பக்கம் பாப்டிஸ்டுகள்னு ஒரு சின்ன கிறிஸ்தவ சபைக்காரங்க, அந்த மாகாணத்துல காங்கிரிகேஷனல் சர்ச்தான் அரசு சர்ச், இவங்க அந்த அரசு சர்ச்சுக்கு கட்டற வரியில இருந்து தப்பிக்க நாங்க வேற சபைன்னு சர்டிபிகேட் குடுக்கணும். 1801ல ஜனாதிபதி ஜெஃபர்சனுக்கு கடுதாசி எழுதுனாங்க, எங்களுக்கு கிடைக்கற மத சுதந்திரம் சலுகையா கிடைக்குது, பறிக்க முடியாத உரிமையா இல்லன்னு. அதுக்கு 1802 ஜனவரி 1ம் தேதி அவர் எழுதுன பதில்லதான் சர்ச்சுக்கும் அரசுக்கும் நடுவுல மதில் சுவர்ங்கற வார்த்தை வந்துச்சு. அதுக்கப்புறமும் கனெக்டிகட் அரசு சர்ச்ச விட 1818 ஆச்சு, மாசசூசெட்ஸ் 1833

அத்தை: சலுகையா, உரிமையா. இதான் மீனு நான் சொல்ல வந்தது, எனக்கு வார்த்தை வரல. கவர்மென்ட் குடுத்து நான் கும்பிட்டா நாளைக்கு வேற ஆளு வந்து இல்லன்னு சொல்லுவான். அண்ணா உங்க மதம் இன்னைக்கு பெருசா இருக்கற ஊர்ல உங்களுக்கு இது உறைக்காது, சின்னதா இருக்கற ஊருக்கு கார்த்தி மாதிரி போய் இருந்து பாக்கணும்

கார்த்தி அண்ணா: அத்தை சத்தியம். அந்த ஃபார்ம்ல மதம்ங்கற கட்டத்துல என்ன எழுதறதுன்னு பத்து நிமிஷம் உக்காந்திருந்தேன்

பெரியப்பா: நீ இத என்கிட்ட சொல்லவே இல்லயேடா

கார்த்தி அண்ணா: சொல்ற அளவுக்கு ஒண்ணும் ஆகலப்பா, பயமா இருந்துச்சு அவ்ளோதான்

பெரியப்பா: மதத்துக்கு மரியாதை இருக்கணும்னு நான் சொல்றத விடமாட்டேன். ஆனா அந்த ஜெப புத்தகத்துக்கு ஓட்டு போட்டது எனக்கும் பிடிக்கல

அத்தை: மீனு அந்த பாப்டிஸ்ட் கடுதாசிய தமிழ்ல சொல்லி வாய்ஸ் மெசேஜ் போடுறியா

மீனு: நாளைக்கு காலேஜ் விட்டு வந்ததும் போடறேன் அத்தை, ரெண்டு கடுதாசியுமே சின்னதுதான்

பெரியப்பா: குரூப்லயே போடு, நானும் கேக்கறேன்