உதவி: லேப்டாப் ஸ்லோ, ராம் போடவா? புதுசு வாங்கவா?

காவிரிக்கரை:
லேப்டாப் ரொம்ப ஸ்லோ. ஆன் பண்ணி குரோம் திறக்கவே 10 நிமிஷம் ஆகுது. கடையில இன்னொரு 8 ஜிபி ராம் போட்டா பறக்கும்னு சொல்றாங்க, 6,500 கேக்கறாங்க. போடலாமா, புதுசே வாங்கிடவா? திங்கக்கிழமை ப்ராஜெக்ட் சப்மிஷன், சீக்கிரம் சொல்லுங்க.

வெல்டிங்மணி:
என்ன ப்ராசஸர்? ஹார்ட் டிஸ்க்கா, சுத்தற பாகமே இல்லாத எஸ்எஸ்டியா?

மதர்போர்டு_மாமா:
வாரத்துக்கு நாலு 'ஸ்லோ' இழை. யாரும் விவரம் போடறதில்ல. தம்பி, கண்ட்ரோல்+ஷிஃப்ட்+எஸ்கேப் அழுத்தி பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துல மெமரி, டிஸ்க் சதவீதத்தைப் பாத்து எழுதுங்க.

காவிரிக்கரை:
ஐ5-7200யு, 8 ஜிபி, 1 டிபி ஹார்ட் டிஸ்க். மெமரி 55, டிஸ்க் 100லயே நிக்குது. தம்பி இல்லைங்க, தங்கச்சி.

சோல்டர்வாசம்:
அப்ப ராம் வேண்டாம், இருக்கறதே பாதி சும்மா கிடக்கு. நிமிஷத்துக்கு 5400 சுத்து சுத்தற டிஸ்க் பெரிய ஃபைலை நேராப் படிச்சா நொடிக்கு 100 எம்பி கிட்ட தரும். விண்டோஸ் கேக்கறதெல்லாம் சிதறிக் கிடக்கற குட்டி ஃபைல். ஒவ்வொண்ணுக்கும் படிக்கற ஹெட் அலையறதுல 1 எம்பி கூடத் தேறாது. ஹார்ட் டிஸ்க்கை எடுத்துட்டு அதே இடத்துல 2.5 இஞ்ச் சாட்டா எஸ்எஸ்டி போடுங்க, 500 ஜிபி போதும். எம்.2 ஸ்லாட் (சின்ன பட்டை எஸ்எஸ்டி சொருகற இடம்) இருந்தாலும் அவசரப்பட்டு என்விஎம்இ (சாட்டாவை விட வேகமான வகை) வாங்காதீங்க, அந்தக் காலத்து போர்டுல சிலது எம்.2 சாட்டா மட்டும்தான் எடுக்கும். அதுக்கு முன்னாடி டிஸ்க் நிலைமையைக் காட்டற கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ ஓட்டி 05, சி5 வரி (கெட்டுப்போன, சந்தேகமான செக்டர் கணக்கு) பாருங்க. பூஜ்யம் இல்லேன்னா முதல் வேலை ப்ராஜெக்டை பென் டிரைவுக்கு எடுக்கறது.

மதர்போர்டு_மாமா:
7200-ன்னா 7-ம் தலைமுறை ப்ராசஸர், அதுக்குக் காசு போடறது செத்த மாட்டுக்குப் புல்லு. விண்டோஸ் 11-க்கு இன்டெல்ல பொதுவா 8-ம் தலைமுறையாவது வேணும், 10-க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சுது. 7200யு ரெண்டே கோர். 8-ம் தலைமுறை 8250யு-ல நாலு.

பெங்குயின்பிரியன்:
விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் மின்ட் போடுங்க, இன்னும் நாலு வருஷம் ஓடும்.

மதர்போர்டு_மாமா:
அதுல ஆட்டோகேட் (வரைபடம் போடற சாஃப்ட்வேர்) ஓடுமா?

பெங்குயின்பிரியன்:
அவங்க ஆட்டோகேட்னு எங்க சொன்னாங்க?

மதர்போர்டு_மாமா:
ப்ராஜெக்ட்னு சொன்னாங்கல்ல.

பெங்குயின்பிரியன்:
வேர்டுல அடிச்சாலும் ப்ராஜெக்ட்தான் மாமா.

காவிரிக்கரை:
இன்னொண்ணு, டச்பேடு ஒரு வாரமா கிளிக் ஆகல, லேசா மேல தூக்கிட்டு நிக்குது. அதையும் சேத்து மாத்திடலாமா?

சோல்டர்வாசம்:
இதைத்தாங்க முதல்ல சொல்லியிருக்கணும்! டச்பேடு கெடல, அடியில பேட்டரி உப்பியிருக்கும். உடனே சார்ஜரைப் பிடுங்கி ஷட் டவுன் பண்ணுங்க. அடிமூடி கழட்டி, முதல்ல பேட்டரி கனெக்டரைப் பிடுங்குங்க, அப்புறம் திருகைக் கழட்டுங்க. ஒட்டிக்கிட்டிருந்தா ஸ்க்ரூடிரைவரால நெம்பாதீங்க, உறை கிழிஞ்சா தீப்பிடிக்கும். பயமா இருந்தா கடையில கழட்டச் சொல்லுங்க. வீட்டுக் குப்பையிலயும் போடாதீங்க, மின்கழிவு எடுக்கறவங்ககிட்ட குடுங்க. அப்புறம் சார்ஜர்ல மட்டுமே ஓட்டி ஃபைலை எடுக்கலாம். பெரும்பாலான மாடல் ஓடும், சிலது வேகத்தைக் குறைச்சுக்கும். கரண்ட் போனா பட்டுனு அணையும், அடிக்கடி சேவ் பண்ணுங்க.

வெல்டிங்மணி:
ஹிஞ்ச் (ஸ்க்ரீனைத் திறந்து மூடற கீல்) எப்படி இருக்கு? மூடறப்ப ஓரம் பிளந்தா உள்ள பித்தளை நட்டு பிளாஸ்டிக்கை விட்டு வந்திருக்கும். எஸ்எஸ்டி, பேட்டரியோட அதுவும் சேந்தா நான் மாமா கட்சி, புதுசுதான்.

காவிரிக்கரை:
தலகாணி மாதிரி உப்பியிருந்துச்சு, கழட்டியாச்சு. ஃபைல் எடுத்துட்டேன். சி5-ல 18 காட்டுது. நன்றி.

சோல்டர்வாசம்:
அப்ப டிஸ்க்குல கெட்ட இடம் இருக்கு, அதை அப்படியே எஸ்எஸ்டிக்கு காப்பி எடுத்து குளோன் பண்ணாதீங்க, பாதியில தொங்கும். எஸ்எஸ்டில புதுசா இன்ஸ்டால் பண்ணுங்க.

வெல்டிங்மணி:
ஹிஞ்ச்?