நாலாவது பெட்டியை மாட்டினால் மட்டும் ஷார்ட்: ரயில் திரும்பும் குறுக்குத்தடத்தில் எங்கே தவறு?

புதுத்தடம் (கேள்வி)

வணக்கம். மாதிரி ரயில் தடம் போடுகிறேன்: மேஜை 240 × 120 செ.மீ., எச்ஓ அளவு (நிஜ ரயிலில் 87-ல் ஒரு பங்கு), டிசிசி கன்ட்ரோலர் (தண்டவாளம் வழியாகவே இன்ஜினுக்கு டிஜிட்டல் கட்டளை அனுப்புவது). 457 மி.மீ. ஆரத்தில் ஒரு நீள்வட்டம் போட்டிருக்கிறேன். ரயில் அதே திசையில் சுற்றிக்கொண்டே இருக்காமல் திரும்பியும் வர வேண்டும் என்று ஆசை. அதனால் கீழ் நேர்த்தடத்தின் இடப்பக்கம் ஒரு பாயிண்ட் (தடம் இரண்டாகப் பிரியும் துண்டு), மேல் நேர்த்தடத்தின் வலப்பக்கம் ஒரு பாயிண்ட் வைத்து இரண்டையும் குறுக்கே இணைத்தேன். கடைசித் துண்டைச் சொருகியதுமே ஷார்ட். பிறகு படித்துப் பார்த்து, குறுக்குத்தடத்தின் இரு முனையிலும் மின்சாரம் கடக்காத பிளாஸ்டிக் ஜாயினர் (தண்டவாள இணைப்பு) போட்டு, ஆட்டோ ரிவர்ஸர் (துருவத்தைத் தானே மாற்றும் கருவி) வாங்கி மாட்டினேன்.

இப்போது இன்ஜின் தனியாகப் போனால் ஒரு குறையும் இல்லை. மூன்று பெட்டியோடும் போகிறது. நாலாவதை மாட்டினால், இன்ஜின் குறுக்குத்தடத்தை விட்டு வெளியேறும் இடத்தில் கன்ட்ரோலர் நின்றுவிடுகிறது. எல்லாம் உள்விளக்கு எரியும் பெட்டிகள். ரிவர்ஸர் பழுதா? மூன்று வாரமாக இதோடு மல்லுக்கட்டுகிறேன்.

பாயிண்ட்மேன்

ரிவர்ஸரைக் கழற்றாதீங்க. ரெண்டு அளவு மட்டும் சொல்லுங்க. ஒரு கேப்பிலிருந்து (பிளாஸ்டிக் ஜாயினரால மின்தொடர்பு அறுந்த இடம்) மறு கேப் வரை எவ்வளவு? இன்ஜினும் பெட்டியும் கொக்கியோட சேர்த்து எவ்வளவு?

புதுத்தடம்

கேப்புக்குக் கேப் 104 செ.மீ. இன்ஜின் 22, பெட்டி ஒவ்வொன்றும் 26. மொத்தம் ஐந்து பெட்டி ஓட்ட நினைக்கிறேன்.

பாயிண்ட்மேன்

அப்ப விடை அதிலேயே இருக்கு. இன்ஜினும் மூணு பெட்டியும் சேர்த்தா 100. உங்க 104-க்குள்ள அடங்கிடுது. நாலாவதோட 126.

முதல்ல ஏன் ஷார்ட் ஆச்சுன்னு பாருங்க. ஒரு தாள்ல உங்க தடத்தை வரைஞ்சு, நீள்வட்டத்தோட வெளித் தண்டவாளத்தைச் சிவப்பாவும் உள் தண்டவாளத்தை நீலமாவும் தீட்டுங்க. கீழே இடது பாயிண்ட்டிலிருந்து குறுக்குத்தடத்துக்குள்ள அந்த ரெண்டு நிறத்தையும் இழுத்துக்கிட்டே போங்க. மேலே வலது பாயிண்ட்டில் சேரும்போது சிவப்பு போய் நீலத்துல முட்டும். ரயில் எந்த வழியா போனாலும் சரி, கிளம்பின தடத்துக்கே எதிர்த்திசையில வந்து சேர்ந்தா அங்கே இந்த மோதல் இருந்தே தீரும். பலூன் மாதிரி வளையம், ஒய் (Y) வடிவ முக்கோணம், உங்க குறுக்குத்தடம், எல்லாத்துக்கும் இதே கதைதான்.

ரிவர்ஸர் செய்யுறது என்னன்னா, இன்ஜின் உள்ளே நுழையுறப்போ தனிப்பிரிவை (கேப்புகளுக்கு நடுவுல உள்ள தடம்) வெளித்தடத்தோட ஒத்துப்போக வைக்குது. வெளியேறுறப்போ மறுபடி மாத்துது. டிசிசியில இன்ஜின் போற திசையை முடிவு பண்றது அதுக்குப் போற கட்டளை. தண்டவாளத்தோட துருவம் மாறுறதால வண்டி தயங்காது. ஆனா உங்க வண்டி 126 செ.மீ. முன் சக்கரம் வெளியே போற கேப்பில நிக்கும்போது கடைசிப் பெட்டி இன்னும் நுழைவுக் கேப்பைத் தாண்டலை. முன்னால ஒரு துருவம் வேணும், பின்னால அதுக்கு எதிரானது வேணும். ரிவர்ஸர் எந்தப் பக்கம் மாத்தினாலும் மறுபக்கம் ஷார்ட். விளக்குப் பெட்டியில ரெண்டு போகியும் (பெட்டிக்கு அடியில உள்ள சக்கரத் தொகுதிகள்) மின்சாரம் எடுக்கும், ரெண்டும் உள்ளுக்குள்ள ஒயரால இணைஞ்சிருக்கும். அதனால ஒரு பெட்டி முழுசாத் தாண்டுற வரைக்கும் கேப் இல்லாத மாதிரிதான்.

விதி இதுதான்: தனிப்பிரிவு, உலோகச் சக்கரம் உள்ள வண்டியின் முழு நீளத்தைவிட நீளமா இருக்கணும். கடைசிப் பெட்டிகளுக்குப் பிளாஸ்டிக் சக்கரம் மாட்டி விளக்கையும் எடுத்துட்டா, அதுகளைக் கணக்குல சேர்க்க வேண்டாம். இன்னைக்கே ஓட்டிப் பார்க்க அது போதும்.

புதுத்தடம்

விளக்கை எடுக்க மனம் வரவில்லை. குறுக்குத்தடத்தை 150-க்கு மேல் நீட்டவும் மேஜையில் இடம் இல்லை. வேறு வழி உண்டா?

மின்தடம்

உண்டு. குறுக்குத்தடம் மட்டும்தான் தனிப்பிரிவாக இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. மேல் வலது பாயிண்ட்டையும் வலது அரைவட்டத்தையும் அதனுள் சேர்த்துவிடுங்கள். கேப் மூன்று இடத்தில் வரும்: குறுக்குத்தடத்தின் கீழ் முனையில் இப்போது இருப்பது, மேல் பாயிண்ட்டின் நேர்க்கால் (நேராகப் போகும் கிளை) முடியும் இடம், வலது அரைவட்டம் கீழே நேர்த்தடத்தில் சேரும் இடம். மேல் முனையில் இப்போதுள்ள பிளாஸ்டிக் ஜாயினரை எடுத்து உலோக ஜாயினர் போட்டுவிடுங்கள்.

45.7 செ.மீ. ஆரத்தில் அரைவட்டம் ஏறக்குறைய 143 செ.மீ. பாயிண்ட்டுக்கு 23 வைத்துக்கொண்டால், குறுக்குத்தடம் வழியாக வரும் வண்டிக்குக் கிடைப்பது 270. நீள்வட்டத்திலேயே நேராக வரும் வண்டிக்கு இரு கேப்பிலும் ஒரே துருவம்தான் வேண்டும், அதனால் நீளம் தடையில்லை. ஐந்து பெட்டி வண்டி 152. 270-க்குள் தாராளமாக அடங்கும். ஆறாவது பெட்டி வாங்கினாலும் அடங்கும். நீள்வட்டத்தில் சும்மா சுற்றும் வண்டியும் இனி இந்தப் பிரிவைக் கடக்கும். அதில் தொந்தரவு இல்லை. இரண்டு வண்டிகள் ஒரே நேரத்தில் இரு கேப்பில் ஏறாமல் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒவ்வொரு இடத்திலும் இரண்டு தண்டவாளத்தின் கேப்பும் நேருக்கு நேர் இருக்கட்டும். வெறுமனே அறுத்த கேப் என்றால் இடையில் சிறு பிளாஸ்டிக் துண்டு ஒட்டிவிடுங்கள். வெப்பத்தில் தண்டவாளம் நீண்டு தானாக மூடிக்கொள்வது உண்டு. ரிவர்ஸர் துண்டிக்கும் மின்னளவு, கன்ட்ரோலர் துண்டிக்கும் அளவைவிடக் குறைவாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ரிவர்ஸர் மாற்றுவதற்கு முன் கன்ட்ரோலர் முந்திக்கொள்ளும்.

நீராவிக்காலம்

ஒன்று கேட்கலாமா? ஓட்டுவது நீராவி இன்ஜினா, டீசலா? இரு முனையிலும் ஓட்டுநர் அறை உள்ள டீசல் என்றால் வண்டியைத் திருப்பவே வேண்டாம். இன்ஜினைக் கழற்றிப் பக்கத்துத் தடம் வழியாக மறுமுனைக்குக் கொண்டுபோய் மாட்டினால் போதும். அதற்கு வெறும் இரண்டு பாயிண்ட். துருவச் சிக்கலே கிடையாது. டெண்டர் (நிலக்கரியும் தண்ணீரும் சுமக்கும் பின்வண்டி) வைத்த நீராவி இன்ஜினைத் திருப்பத்தான் டர்ன்டேபிளும் (சுழலும் மேடை) ஒய்யும். இந்த மேஜையில் பலூன் வளையம் போட்டால் 120 செ.மீ. அகலத்தையும் அதுவே விழுங்கிவிடும். அதனால் உங்கள் குறுக்குத்தடம் நல்ல தேர்வுதான்.

புதுத்தடம்

நீராவி இன்ஜின்தான், முழு வண்டியும் திரும்புவதைப் பார்க்கத்தான் ஆசை. மின்தடம் சொன்னபடி மூன்று கேப்பும் போட்டேன். இப்போது வண்டி ஏறாமலே ஷார்ட். முன்னைவிட மோசம்.

மின்தடம்

வலது அரைவட்டத்துக்குப் பழைய ஃபீடர் ஒயர் (தடத்துக்கு மின்சாரம் கொண்டுவருவது) ஏதாவது போகிறதா? தனிப்பிரிவுக்கு மின்சாரம் ரிவர்ஸர் வழியாக மட்டுமே வர வேண்டும். மின்சாரத்தை நிறுத்துங்கள், தடத்தில் வண்டி எதுவும் நிற்க வேண்டாம். ரிவர்ஸரின் ஒயர்களைக் கழற்றிவிட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பிரிவின் தண்டவாளத்திலும் மறுமுனையை வெளித் தண்டவாளத்திலும் வையுங்கள். நான்கு சேர்க்கையையும் பாருங்கள். எதிலாவது பீப் அடித்தால் எங்கோ தொடர்பு இருக்கிறது.

புதுத்தடம்

கிடைத்துவிட்டது! அரைவட்டத்தின் நடுவில், மேஜைக்கு அடியில் முதல் நாள் போட்ட ஒரு ஜோடி ஒயர். அதை எடுத்து ரிவர்ஸர் பக்கம் மாற்றினேன். ஐந்து பெட்டியும் விளக்கெரிய, நிற்காமல் திரும்பி வந்தது. நான்கு முறை ஓட்டிப் பார்த்தேன். மிகவும் நன்றி.

ஆனால் ஒரு சந்தேகம். இடஞ்சுழியாக ஓடியது வலஞ்சுழிக்கு வந்துவிட்டது. இனி எத்தனை சுற்று சுற்றினாலும் குறுக்குத்தடத்துக்குள் முன்னோக்கி நுழைய வழியே இல்லையே?

பாயிண்ட்மேன்

சரியாப் பார்த்தீங்க. ஒத்தைக் குறுக்குத்தடம் ஒரு தடவைதான் திருப்பும். முன்னோக்கியே திரும்பணும்னா எதிர்ப்பக்கம் சாய்ந்த இன்னொண்ணு வேணும். நடுவுல ரெண்டும் வெட்டிக்கும், கிராஸிங் வைக்கணும். அதைவிடச் சுலபம்: வண்டி முழுசும் மேல் பாயிண்ட்டைத் தாண்டி வலது வளைவில நின்னதும், பாயிண்ட்டைக் குறுக்குத்தடத்துக்கு மாத்திட்டு மெதுவா பின்னுக்குத் தள்ளுங்க. கீழ் பாயிண்ட்டையும் தாண்டி இடது வளைவுக்குப் போனதும் அதை நேருக்கு மாத்தி முன்னோக்கி விட்டா பழையபடி இடஞ்சுழி.

பின்னோக்கித் தள்ளுறப்போ குறுக்குத்தடத்தோட நடுவைக் கவனிங்க. இடது வளைவு முடிஞ்ச உடனே வலது வளைவு ஆரம்பிச்சா நீளமான பெட்டிகள் ஒண்ணையொண்ணு பக்கவாட்டுல தள்ளித் தடம் புரளும். ரெண்டு வளைவுக்கும் நடுவுல ஒரு பெட்டி நீளமாவது, உங்களுக்கு 26 செ.மீ., நேர்த்தடம் இருக்கா?

புதுத்தடம்

இப்போது 8 செ.மீ.தான் இருக்கிறது. இரு பாயிண்ட்டையும் இன்னும் கொஞ்சம் வெளிப்பக்கம் நகர்த்தினால் இடம் கிடைக்கும் போல. நாளை அளந்துவிட்டு எழுதுகிறேன்.