24 கதவுப் பெட்டி: எங்கள் வீட்டில் நடந்தது

வியாசர்பாடியிலிருந்து:

துபாயில் இருக்கும் என் தம்பி 2023 நவம்பரில் என் மகளுக்கு ஒரு பெட்டி கொடுத்தனுப்பினான். கிறிஸ்துமஸுக்கு நாள் எண்ணுகிற பெட்டி. டிசம்பர் 1 முதல் 24 வரை தினம் ஒரு கதவு. வழக்கமாக உள்ளே சாக்லேட் இருக்கும், இதில் எலக்ட்ரானிக்ஸ் சாமான். மகள் ஏழாம் வகுப்பு. அரையாண்டுத் தேர்வு நேரம், அதனால் படித்து முடித்தபின் அரை மணி நேரம் என்று பேசிக்கொண்டோம்.

முதல் நாள் பிரெட்போர்டும் (சாமான்களைச் செருகி இணைக்கிற துளைப் பலகை) 9 வோல்ட் பேட்டரியும். மறுநாள் சிவப்பு எல்இடி, கரண்ட்டைக் கட்டுப்படுத்தும் 470 ஓம் ரெசிஸ்டர். மஞ்சள், ஊதா, பழுப்பு என்று ரெசிஸ்டரின் மதிப்பைச் சொல்லும் வண்ணப் பட்டைகளைப் படித்து மாட்டினாள். எரியவில்லை. "சித்தப்பா அனுப்புனது டூப்ளிகேட்டாப்பா?" என்றாள். எல்இடியைத் திருப்பி மாட்டச் சொன்னேன். நீளமான கால் பிளஸ் பக்கம் வரவேண்டும். எரிந்ததும் அவள் கத்தியதில் பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்தார்.

அப்புறம் மிக்ஜாம் புயல் மழை. 4-ஆம் தேதி தெருவில் முழங்கால் தண்ணீர், கரண்ட் இல்லை. சாயங்காலம் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. அரிசியையும் புத்தகங்களையும் கட்டில்மேல் ஏற்றினோம். பெட்டியை அவளே பரணில் வைத்தாள். இருட்டில் என் அம்மா தீப்பெட்டியைத் தடவித் தேடிக்கொண்டிருந்தார். மகள் பிரெட்போர்டை இறக்கி ஒயரைச் செருகினாள். துளி வெளிச்சம்தான், ஆனால் தீப்பெட்டி கிடைத்தது.

"விடிய விடிய எரியுமாடி?" என்று அம்மா கேட்டார். மெழுகுவர்த்தி பக்கத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். 9 வோல்ட்டில் எல்இடிக்கு 2 போனால் மிச்சம் 7. அதை 470-ஆல் வகுத்தால் சுமார் 15 மில்லிஆம்பியர் கரண்ட். அந்த அளவுக்கு நல்ல பேட்டரி ஒரு நாள் தாங்கும். "எரியும் பாட்டி" என்றாள். காலையில் நான் எழுந்தபோது எரிந்துகொண்டுதான் இருந்தது.

கரண்ட் வரும்வரை ஒரு கதவைக்கூட முன்கூட்டித் திறக்கவில்லை அவள். எனக்கு அதுதான் பெரிய ஆச்சரியம்.

ராயபுரத்திலிருந்து:

அண்ணா, இதே மாதிரிப் பெட்டியில் எங்கள் பையன் முதல் நாளே ஒன்பது கதவைத் திறந்துவிட்டான். அதில் விளக்கைச் சிமிட்ட வைக்கும் 555 என்ற ஐசி (சின்னச் சில்லு) இருந்தது. ஹான்ஸ் காமன்சிண்ட் 1971-இல் வடிவமைத்த எட்டுக்கால் ஐசி, இன்னும் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கிடைக்கிறது. ஒரு முனையில் இருக்கும் பள்ளத்தைப் பார்க்காமல் திருப்பிச் செருகிவிட்டான், சூடாகிப் போய்விட்டது. அழுதான். சனிக்கிழமை எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் ரிச்சி தெருவுக்குக் கூட்டிப் போய் வேறு வாங்கினேன். அதோடு 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் (மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் சாமான்) போட்டால் எல்இடி வேகமாகச் சிமிட்டுகிறது, 100 போட்டால் நிதானமாக. நிதானமானதைத்தான் மாடியில் தொங்கும் ஸ்டாருக்குள் வைத்தான். ராயப்பர் கோயிலில் நடுராத்திரிப் பூசை முடிந்து திரும்பும்போது தெருமுனையிலிருந்தே தெரிந்தது.

தண்டையார்பேட்டையிலிருந்து:

இவற்றைப் படித்துவிட்டு நானே ஒன்று செய்தேன். பத்துத் தீப்பெட்டிகளை அட்டையில் ஒட்டி, மார்கழியின் கடைசி பத்து நாளுக்கு எண் போட்டேன். சாமானெல்லாம் ரிச்சி தெருவில் உதிரியாக வாங்கியதுதான். ஒவ்வொன்றிலும் ஒரு துண்டுச் சீட்டு. கெப்பாசிட்டர் சீட்டில் மட்டும் "கோடு போட்ட கால் மைனஸ்" என்று சிவப்பு மையில் எழுதினேன். பத்தாவது பெட்டியில் சத்தம் எழுப்பும் பஸ்ஸர். போகி அன்று விடியற்காலை தெருவில் பிள்ளைகள் மேளம் அடிக்க, அக்கா பிள்ளைகள் இரண்டும் வாசலில் அதை அழுத்திக்கொண்டே நின்றன.