ஃபோர்மென்தெரா தீவில் பார்த்த பல்லி: ஆணா, பெண்ணா?

வணக்கம் நண்பர்களே. போன வாரம் ஸ்பெயினின் ஃபோர்மென்தெரா தீவுக்குப் போயிருந்தோம். சுண்ணாம்பு பூசாமல் வெறும் கல்லை அடுக்கிக் கட்டிய வேலிச்சுவரில் ஒரு பல்லி. நம் வீட்டுப் பல்லி போல வெளிறிப்போய் இல்லை. முதுகு நல்ல பச்சை, விலாவில் நீலப்புள்ளி, நடுவே கருங்கோடுகள். கொளுத்தும் வெயிலில் ஹாயாகப் படுத்திருந்தது. கீழே விழுந்த தக்காளித் துண்டைக் கவ்விக்கொண்டு கல்லிடுக்கில் நுழைந்துவிட்டது, திருட்டுப் பயல்!

இபிசா சுவர்ப்பல்லி, அறிவியல் பெயரில் போடார்சிஸ் பிட்யூசென்சிஸ் என்றே நினைக்கிறேன். அக்கம்பக்கத்துக் குட்டித் தீவுகளில் இதே இனம் நீலமாகவும் கருப்பாகவும் இருக்கிறது. அப்படியானால் நிறத்தை நம்ப முடியாதே. தலைப் பருமனை வைத்து ஆண், பெண் சொல்லலாமா? படம் கீழே.

அப்புறம், பக்கத்துத் தீவான இபிசாவுக்கு ஒலிவ மரங்களோடு வந்து சேர்ந்த பாம்புகள் இவற்றைத் தின்று தீர்க்கின்றன. ஆய்வாளர்களுக்கு என் படம் பயன்படுமா? யாருக்கு அனுப்புவது?