ஜைஜான்டியஸா, மீடியஸா? பழந்தின்னி வௌவாலின் பெயர்ச் சிக்கல்

இரவாடி:
இந்தியப் பழந்தின்னி வௌவாலை டெரோபஸ் ஜைஜான்டியஸ் என்றுதான் படித்தோம். இப்போது ஐயுசிஎன் (பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம்) பட்டியலிலேயே டெரோபஸ் மீடியஸ். புரூனிக் பெயர் வைத்தது 1782-ல், டெமிங்க் மீடியஸ் என்றது 1825-ல். மூத்த பெயருக்கே முன்னுரிமை என்பது அரிச்சுவடி. பிறகெப்படி?

வால்மீன்:
ஆண்டைப் பார்க்கும் முன், பெயர் எந்த விலங்கின் மேல் நிற்கிறது என்று பாருங்கள். லின்னேயஸ் 1758-லேயே வெஸ்பெர்டிலியோ வாம்பைரஸ் என்று வைத்துவிட்டார். புரூனிக்கின் பெயர் அதே விலங்கைத்தான் சுட்டுகிறது என்று 2012-ல் ஒரு கட்டுரை வாதிட்டது. அதை ஏற்றால் ஜைஜான்டியஸ், வாம்பைரஸ் என்ற தென்கிழக்காசிய இனத்தோடு போய்விடும். இந்திய இனத்துக்கு மீடியஸ். இனத்தை யாரும் பிரிக்கவில்லை, டிஎன்ஏவுக்கு இதில் வேலையே இல்லை.

இரவாடி:
ஏற்றால்தானே! இந்த வௌவால் சுமக்கும் நிபா வைரஸ் பற்றிய ஆய்வுகள் எத்தனையோ பழைய பெயரில் கிடக்கின்றன. நிலைத்த பெயரைக் காக்கத்தான் விலங்குப் பெயரிடல் விதித்தொகுப்பில் விதி 23.9 இருக்கிறது: கடந்த 50 ஆண்டுகளில் குறைந்தது 10 ஆசிரியர்களின் 25 ஆக்கங்களில் அந்தப் பெயர் வந்திருக்க வேண்டும். ஜைஜான்டியஸுக்கு ஒரே மதியத்தில் திரட்டிவிடலாம்.

வால்மீன்:
25-ஐப் பிடித்துக்கொண்டு முதல் நிபந்தனையைத் தாண்டிவிட்டீர்கள். மூத்த பெயர் 1899-க்குப் பிறகு செல்லுபடியாகும் பெயராகப் புழங்கியிருக்கவே கூடாது. இங்கே மூத்தது வாம்பைரஸ், அது இன்றும் புழக்கத்தில்தான் இருக்கிறது. ஆக 23.9 எடுபடாது. உங்களுக்கான கதவு 75.6: பழைய வகைமாதிரியை (பெயர் சார்ந்து நிற்கும் மூல மாதிரியை) ஒதுக்கி, இந்திய மாதிரி ஒன்றை நியோடைப்பாக, அதாவது அதற்குப் பதிலான புது வகைமாதிரியாக, நிறுத்தும்படி பெயரிடல் ஆணையத்துக்கு விண்ணப்பிப்பது.

இரவாடி:
சரி, 23.9-ஐ விடுகிறேன். ஆனால் அந்தக் கதவைத் தட்டிப் பார்க்காமல் பெயரை மாற்றியது அவசரம். விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கும்வரை புழக்கப் பெயரே தொடரும் என்கிறது விதி 82.

வால்மீன்:
விண்ணப்பம் பதிவானால்தான் 82. மீடியஸ் இத்தனை ஆண்டு ஓடிய பின், எது புழக்கப் பெயர் என்பதிலேயே வழக்கு வரும்.

தோல்சீட்டு:
சண்டைக்கு நடுவே ஒன்று. ஜைஜான்டியஸ் எழுதினால் (புரூனிக், 1782) என்று அடைப்புக்குறி வேண்டும், பேரினம் மாறியதற்கான அடையாளம் அது; அவர் அதை வெஸ்பெர்டிலியோ பேரினத்தில் ஜைஜான்டியா என்று வைத்தவர்; டெரோபஸ் ஆண்பால் என்பதால் ஈறு மாறியது. மீடியஸுக்கு டெமிங்க், 1825 என்று வெறுமனே போதும், நேராக டெரோபஸிலேயே வைத்தார். பழையதை நகலெடுத்துப் பெயரை மட்டும் மாற்றுவதால்தான் மீடியஸிலும் அந்த அடைப்புக்குறி அப்படியே தங்கிவிடுகிறது. சேகரிப்பிலுள்ள தோல் மாதிரியில் பழைய பெயர்ச் சீட்டைக் கிழிக்காதீர்கள். புதுப் பெயர், தேதி, இனங்கண்டவர் பெயரோடு இன்னொரு சீட்டைக் கட்டுங்கள். தரவுத்தளத்தில் இரண்டு பெயரிலும் தேடுங்கள். வாம்பைரஸின் துணையினமாக எழுதியவர்களும் உண்டு, அதனால் 'வாம்பைரஸ் ஜைஜான்டியஸ்' என்று மூன்றாவதாக ஒருமுறை.

இரவாடி:
சீட்டில் மீடியஸ் எழுதுகிறேன், அடியில் ஜைஜான்டியஸும் இருக்கும். 75.6 விண்ணப்பம் வந்தால் என் கருத்து அதற்கு ஆதரவாகத்தான் போகும்.